எழுதி வைத்த சத்தங்கள்

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பொறுமைசாலி என்று நினைத்து ஏமாற வேண்டாம். என் அக்கா என்னை விட்டுப் போனது அந்தக் கோபத்தால்தான். ஒன்பது வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அவள் வந்தால் போதும் என்று உள்ளுக்குள் ஏங்கினேன். வெளியே யார் கேட்டாலும், "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும், எனக்கென்ன" என்றேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தோம். ஒரு ஷட்டர் அளவு கடை. பின்சுவர் முழுக்கக் கொக்கிகள், அவற்றில் பெல்ட்டும் ஹோஸும் தொங்கும். ஸ்க்ரூடிரைவர் பிட்டுகளுக்கென்று அக்கா ஒரு மரக்கட்டையில் வரிசையாகத் துளை போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு பிட்டின் கழுத்திலும் நீல நகப்பூச்சால் ஒரு கோடு, எங்கள் கடைச் சாமான் என்பதற்கு அடையாளம். கை தானாகப் போய் எடுக்கும், தானாகப் போய் வைக்கும்.

எங்கள் தொழிலில் பாதி வேலை காதுக்கு. மெஷினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். கரகரவென்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கிளம்பும்போது மட்டும் கீச்சென்றால் பெல்ட். தண்ணீர் வெளியே போகும்போது கொர்கொர் என்று தொண்டை கட்டின மாதிரி வந்தால் பம்பில் ஏதோ அடைத்திருக்கிறது. பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே பாதி பதில் காதில் விழுந்துவிடும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு டீச்சர் வீட்டு மெஷின் வந்தது. வேகமாகச் சுற்றும்போது உள்ளே யாரோ குத்துகிற சத்தம். அக்கா பேரிங் என்றாள். நான் எடைக்கல் ஆடுகிறது என்றேன். தொட்டி துள்ளாமல் இருக்க மேலே ஒரு கான்கிரீட் கல்லை போல்ட் போட்டு வைத்திருப்பார்கள், அதைத்தான் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. அரை நாள் உட்கார்ந்து டிரம்மைப் பிரித்தாள். பேரிங் புதிது மாதிரி இருந்தது. நான் கல்லின் போல்ட்டை இரண்டு சுற்று இறுக்கினேன், சத்தம் நின்றது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். டீச்சர் நிற்கிறார், வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள். நான் எல்லோர் முன்னாலும், "உன் காதுல என்ன பஞ்சா அடைச்சு வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

அக்கா ஸ்பேனரைத் துடைத்தாள். தன் டூல்பாக்ஸை எடுத்துக்கொண்டாள். படியில் இறங்கிய பிறகுதான் திரும்பினாள். "இனிமே உன் கடை வாசலை நான் மிதிச்சா ஏன்னு கேளு." அவ்வளவுதான். வேறு ஊரில் தனியாகக் கடை போட்டிருக்கிறாள் என்று ஆறு மாதம் கழித்து உதிரிபாகம் விற்பவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அவள் போன வாரத்தில் எனக்கு ஒரு புதுக் கஷ்டம் தெரிந்தது. தினமும் ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் அன்றைய மெஷின்களைப் பற்றி நாங்கள் பேசுவது வழக்கம். இப்போது யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். கல்லாவில் உட்காருவார், மெஷின்களை வண்டியில் ஏற்றி இறக்குவார். ஆனால் அவருக்கு பெல்ட்டும் ஒன்றுதான், பேரிங்கும் ஒன்றுதான். "சத்தம் நின்னுடுச்சா? அப்புறமென்ன," என்பார். பேசினால் எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

நான் புலம்புவதைத் தாங்காமல் அவரே இணையத்தில் இலவசமாக ஒரு பக்கம் திறந்து கொடுத்தார். "இங்க எழுது. என் தலையை விடு." எழுதினேன். வாரத்துக்கு மூன்று, நாலு மெஷின். என்ன சத்தம், எதைப் பிரித்தேன், என்ன இருந்தது. அக்காவிடம் சொல்கிற மாதிரியே எழுதினேன். சத்தத்தை எழுத்தில் கொண்டுவர மெனக்கெடுவேன். கடகடவா, கடக் கடக்கா, நடுவில் மூச்சு விடுகிறதா, தண்ணீர் ஏறினால் அடங்குகிறதா, எல்லாம். எழுதி எழுதி ஆயிரத்து எழுநூறு குறிப்புக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் அங்கே வந்த கருத்து ஒன்றே ஒன்று. 'பழைய மெஷின் விற்பனைக்கு உண்டா' என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

போன மாதம் சலூன்காரரின் மெஷின் என்னைப் படுத்தி எடுத்தது. எங்கள் கடையிலிருந்து மூன்று கடை தள்ளி அவர் சலூன். பின்னறையில் துண்டு துவைக்க ஒரு மெஷின் வைத்திருக்கிறார். மெதுவாகச் சுற்றும்போது டொக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் விட்டு டக் என்று இன்னொன்று. வேகமெடுத்தால் இரண்டும் காணாமல் போய்விடும். பம்பைப் பார்த்தேன், வடிகட்டியைப் பார்த்தேன், டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவில் கம்பி விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. அதற்குள் எனக்கு விலாவுக்குக் கீழே வலி வந்து, டாக்டர் பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றார். ஊரார் மெஷினில் அடைப்பு எடுக்கிறவளுக்கே அடைப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் எழுதினேன்: 'சலூன் மெஷின் இன்னும் பிடிபடவில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு சத்தம். டொக் கனம், டக் லேசு. வேகத்தில் இரண்டும் இல்லை. நாளைக் காலை எனக்கு ஆபரேஷன். திரும்பி வந்தால் மிச்சத்தை எழுதுகிறேன்.'

வந்தால் என்று எழுதியிருக்கிறேன். வந்ததும் என்று எழுதியிருக்கலாம். அப்போது எனக்கு இருந்த பயத்தில் கை அப்படித்தான் போயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் நான் கட்டிலில் சாய்ந்திருக்கும்போது வீட்டுக்காரர் செல்போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "நல்லா இருக்கேன்னு சொல்லு." சொன்னேன். அதை எல்லோரும் இருக்கிறார்களே, அந்த ஆப்பில் போட்டுவிட்டார். கடைப் பெயரில் அங்கே புதிதாகக் கணக்கு திறந்திருந்தார். சாயங்காலம் குழந்தை மாதிரி ஓடி வந்தார்.

"நானூத்திப் பன்னிரண்டு ஹார்ட்டு. ஒரே நாள்ல. உன் சைட்டுல ஒன்பது வருஷமா எத்தனை ஹார்ட்டு வந்துச்சு?"

"அங்க ஹார்ட்டே கிடையாதுங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். கிணத்துக்குள்ள உக்காந்து பேசிட்டிருந்தே. இனிமே எழுத வேணாம், வாயால சொல்லு, நான் எடுத்துப் போடறேன். அந்தப் பழைய சைட்டை மாசக் கடைசியில மூடிடலாம்."

எனக்கும் அசதி. உட்கார்ந்து எழுதினால் வயிறு இழுத்தது. சரி என்றேன். சைட்டின் முகப்பில் 'இனி எங்களை அங்கே பாருங்கள்' என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு அவர் ஆப்புக்குக் குடிபெயர்ந்தார். நான் வீட்டில் நடந்தது, மருந்து சாப்பிட்டது, கடைக்குத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தது எல்லாம் வீடியோவாக அங்கே போயிற்று.

ஆபரேஷன் முடிந்து இருபத்தோராம் நாள் பகலில், நான் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். அக்கா. கையில் அதே டூல்பாக்ஸ். தலைமுடி பாதிக்கு மேல் நரைத்து, காதை மூடினபடி வெட்டியிருந்தாள்.

என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் தையல் போட்ட இடம் வலித்தது.

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்."

"அதை ஒரு வரி எழுதறதுக்கென்ன? கை ஒடிஞ்சு போச்சா?" டூல்பாக்ஸைக் கீழே வைத்தாள். "வந்தால் எழுதறேன்னு போட்டுட்டு ஒரேயடியா மூச்சு விடாம இருந்தா மனுஷி என்னன்னு நினைக்கிறது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த ஒன்றே ஒன்று, அவள் படிக்குக் கீழே நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. "உள்ள வா, அக்கா," என்றேன்.

"வாசலை மிதிக்க மாட்டேன்னு சொன்னேன்ல."

அவள் எப்போதும் இப்படித்தான், சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள். நான் ஸ்டூலைத் தூக்கப் போனேன். "தூக்காதே, தையல் பிரிஞ்சுடும்," என்று அதட்டினாள். உள்ளே வந்து தூக்கவும் மாட்டாள். நல்ல வேளையாக வீட்டுக்காரர் வந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்து, "வாங்க அண்ணி," என்றார். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு ஸ்டூலையும் வெளியே நடைபாதையில் போட்டுவிட்டு டீ வாங்கப் போனார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, நாங்கள் இருவரும் தெருவில் உட்கார்ந்தோம்.

"நான் எழுதறதை நீ படிச்சியா?" என்று கேட்டேன்.

"முதல் நாள்லேர்ந்து." செல்போனை எடுத்துக் காட்டினாள். ஒரு நீளப் பட்டியல். இடது பக்கம் பெயர்கள், வலது பக்கம் தலைப்புகள். மேலே இருந்து நாலாவது பெயர் என் கடை. அதன் கீழே ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் குறிப்பும் தேதி வாரியாக நின்றன.

"இது என்ன ஆப்?"

"ஆப்பு எதுவா இருந்தா என்ன. உன் சைட்டுக்கு அடியில ஆரஞ்சு நிறத்துல சின்னதா ஒரு படம் இருக்குமே, ஒரு புள்ளியும் ரெண்டு வளைவும்? அதுதான் ஓடை. செய்தியோடைன்னு சொல்லுவாங்க. அந்த முகவரியை இதுல ஒரு தடவை போட்டுட்டா போதும். நீ எழுதினா இது தானா போய் எடுத்துட்டு வந்துடும்."

ஒன்பது வருடமாக என் சைட்டின் அடியில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்கு ஒரு பின்வாசல் இருப்பதும், அதன் வழியாக என் அக்கா தினமும் வந்து போவதும் எனக்கே தெரியவில்லை.

"அப்போ நீ படிக்கிறது எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

"தெரியாது. அதனாலதானே படிச்சேன்." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "பேர் கேக்காது, நம்பர் கேக்காது. இன்னார் வந்து பாத்தாங்கன்னு உன்கிட்ட போய் வத்தி வைக்காது. உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ எகிறி இருப்பே, நானும் நிறுத்தியிருப்பேன்."

பட்டியலில் மீதிப் பெயர்களைக் காட்டினாள். முகம் தெரியாத நாலு மெக்கானிக்குகள், உதிரிபாகக் கடை, வானிலை, நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகங்கள். "நான் கேட்டதுதான் வரும், அவங்க எழுதின வரிசையில வரும். நடுவுல ஒருத்தன் உக்காந்துக்கிட்டு, இதைப் பாரு, அதைப் பாக்காதேன்னு சொல்ல மாட்டான். இந்த ஆப்பு பிடிக்கலைன்னா பட்டியலைச் சுருட்டி எடுத்துக்கிட்டு இன்னொண்ணுக்குப் போயிடலாம். ரெண்டு தடவை மாறிட்டேன். எங்க போனாலும் நீ கூடவே வந்தே."

வீட்டுக்காரர் டீயோடு வந்து நின்றார். "நாங்கதான் எல்லாத்தையும் அந்த ஆப்புல போட்டோமே அண்ணி? ஆஸ்பத்திரியிலேர்ந்தே போட்டோம்."

"உங்க ஓடையில அதெல்லாம் வரலையே, தம்பி. அதுல கடைசியா வந்தது ஆபரேஷன்னு இவ எழுதினது. பன்னிரண்டு நாள் பாத்தேன். அப்புறம்தான் சைட்டையே திறந்தேன், அங்கே பாருங்கன்னு போட்டிருந்துச்சு. போனேன். உள்ள வர கணக்கு தொடங்குன்னுச்சு. பேரு, நம்பர், பிறந்த தேதி, இருக்கிற இடம், எல்லாம் குடுத்தேன். வெட்கத்தை விட்டுட்டுத்தான் குடுத்தேன். ஒரு வீடியோ காட்டுச்சு. இவ கட்டில்ல கிடக்கிறா, வாய் அசையுது. அழறாளா சிரிக்கிறாளா தெரியலை. அதுக்கப்புறம் மெத்தை விளம்பரம், எவனோ ஆடறான், எவளோ மேக்கப் போடறா. இவளைக் காட்டவே இல்லை. ஒரு வாரம் தேடினேன்."

"வாய் அசையுதா?" என்றேன். "நல்லா இருக்கேன்னு சொன்னேனே. சத்தம் வச்சுக் கேக்கலையா?"

அக்கா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். காதோரத்து முடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் சிறிய கருவி ஒன்று இருந்தது. மறு காதிலும் இருந்தது.

"பக்கத்துல உக்காந்து முகத்தைப் பாத்தா பேச்சு புரியும். போனுல புரியாது. வீடியோவுல சுத்தமா புரியாது."

"எப்பலேர்ந்து?"

"நான் கடையை விட்டுப் போறதுக்கு ஒரு வருஷம் முன்னாலேர்ந்து. கொஞ்சம் கொஞ்சமா. மெஷின் மெக்கானிக்குக் காது போச்சுன்னா யாரு மெஷினைக் குடுப்பாங்க? அதான் உன்கிட்டகூட சொல்லலை."

டீச்சர் நின்றதும், மற்ற இருவர் நின்றதும், நான் கேட்ட அந்தக் கேள்வியும் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தெரு என்றும் பார்க்காமல் அழுதேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், விக்கல்தான் வந்தது. அக்கா என் முதுகைத் தடவினாள். "அழாதே, வயிறு இழுக்கும்," என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். "உன் எழுத்தை வச்சுத்தான் நான் கடை நடத்தறேன், தெரியுமா? வர்றவங்க கடகடன்னு வருது, கொர்கொர்னு வருதுன்னு சொல்லுவாங்க. அவங்க வாயைப் பாத்துக்கிட்டு உன் குறிப்புல தேடுவேன். நீ எழுதினா எனக்குக் கேக்குது. மெஷின்கிட்ட போய் நின்னா கேக்கறதில்லை, உன்னோடதைப் படிச்சா கேக்குது."

வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானூற்றுப் பன்னிரண்டைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

"சரி, எழுந்திரு," என்றாள் அக்கா. "சலூன் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"ஒரு சுத்துக்கு ரெண்டு சத்தம்னு எழுதினியே. ஒண்ணு கனம், ஒண்ணு லேசு, வேகத்துல காணோம். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். நீ பிழைச்சிருந்தா சொல்லலாம்னு."

சலூனில் இரண்டு பேர் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னொருவர் வரிசைக்காகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னறைக்குக் கதவு கிடையாது, அங்கே நடப்பது எல்லோருக்கும் தெரியும். சலூன்காரர், "வாங்க மெக்கானிக்கம்மா, உடம்பு தேவலையா? கூட யாரு?" என்றார்.

"என் அக்கா," என்றேன். ஒன்பது வருடம் கழித்து அந்த வார்த்தையைச் சொல்ல நன்றாக இருந்தது.

நான் மெஷினை மெதுவாகச் சுற்றவிட்டேன். டொக். டக். அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் மெஷின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நாலைந்து சுற்று அப்படியே நின்றாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கே. ஏதோ ஒண்ணு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விழுது. வேகமா சுத்தினா ஓரத்துல ஒட்டிக்கும், விழாது. அதான் சத்தமில்லை. உள்ள துணியைப் புரட்டிவிடற துடுப்பு இருக்கே, அது வெத்துக்கூடுதானே? அதைக் கழட்டிப் பாத்தியா?"

"அது புதுசு. ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் மாத்திப் போட்டேன். அதுல என்ன இருக்கப் போகுது?"

"புதுசுன்னு பாக்காம விட்டுட்டே."

அவள் குனிந்து டிரம்முக்குள் கையை விட்டு, கொக்கியை அழுத்தி, துடுப்பைப் பக்கவாட்டில் தள்ளிக் கழற்றினாள். கவிழ்த்துத் தட்டினாள். உள்ளங்கையில் ஒன்று விழுந்தது. ஸ்க்ரூடிரைவர் பிட். அதன் கழுத்தில் நீலக் கோடு.

இரண்டு மாதமாக அந்தப் பிட்டைத் தேடிக் கடையையே தலைகீழாகக் கவிழ்த்திருந்தேன். வீட்டுக்காரர்தான் தொலைத்தார் என்று சண்டைகூடப் போட்டேன். துடுப்பை மாட்டும்போது நானே உள்ளே போட்டு மூடியிருக்கிறேன். அப்புறம் மூன்று தடவை அதே மெஷினைப் பிரித்து, காரணம் தெரியவில்லை என்று கையை விரித்திருக்கிறேன்.

"என்னம்மா இருந்துச்சு உள்ள?" என்று சலூன்காரர் கத்தியும் கையுமாக எட்டிப் பார்த்தார். நுரை முகங்கள் இரண்டும் திரும்பின. பேப்பர் தாழ்ந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு முகமெல்லாம் சூடாகி, தலையைக் குனிந்துகொண்டேன். கேட்கட்டும், என் காதில் பஞ்சா என்று கேட்கட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று நின்றேன்.

அக்கா கையை மூடிக்கொண்டாள்.

"சின்ன இரும்புத் துண்டுங்க. எடுத்தாச்சு. சத்தம் பத்தி என் தங்கச்சி சரியா குறிச்சு வச்சிருந்தா, அதனால உடனே பிடிபட்டுச்சு. இனிமே வராது."

துடுப்பை மாட்டி, ஓடவிட்டுக் காட்டிவிட்டு வெளியே வந்தோம். எங்கள் கடை வந்ததும் அவள் நிற்கவில்லை. படியேறி நேராக உள்ளே போனாள். பின்சுவர் மேஜையில் அவள் துளை போட்ட மரக்கட்டை இருந்தது, அதில் ஒரே ஒரு துளை காலி. கையில் இருந்த பிட்டை அதில் செருகினாள். பிறகு கொக்கிகளைப் பார்த்து, "பெல்ட்டை ஏன் இந்தப் பக்கம் மாத்தினே? எடுக்கக் கை எட்டுமா?" என்று ஆரம்பித்தாள். வாசலை மிதித்துவிட்டாயே என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது.

வீட்டுக்காரர் சைட்டின் முகப்பில் போட்ட அந்த வரியைத் தானாகவே எடுத்தார். "ஆப்புலயும் போடறேன், ஆனா முதல்ல இங்கதான்," என்றார். "அங்க போடறப்போ அடியில எழுத்தும் போடுங்க, தம்பி," என்றாள் அக்கா. அவர் தலையாட்டினார்.

நான் மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அக்கா மூன்றடி தள்ளி, பழைய பம்ப் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சொந்தத் தவறை எழுதக் கை கூசியது. சலூன்காரர் படித்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்தேன். படிக்கட்டும் என்று எழுதினேன்.

'திரும்பி வந்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது. சலூன் மெஷினில் டொக், டக் என்று சத்தம் போட்டது என் கடைப் பிட். துடுப்பை மாற்றும்போது நானே உள்ளே போட்டு மூடியிருக்கிறேன். கண்டுபிடித்தது என் அக்கா. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், நாலு பேர் முன்னால், அவளைப் பார்த்து நான் ஒரு வார்த்தை கேட்டேன். மெஷினைப் பற்றி அன்று நான் சொன்னது சரி. அவளைப் பற்றிக் கேட்டது தப்பு. எனக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இத்தனை நாளும் நான் எழுதியதெல்லாம் அவளிடம் சொல்ல நினைத்ததுதான்.'

வெளியிடு என்பதை அழுத்திவிட்டு ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். ஓடை உடனே போய்ச் சேராது, அந்தப் பட்டியல் அவ்வப்போதுதான் போய் எடுத்து வரும் என்று அக்கா சொல்லியிருந்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வழக்கம் போலச் செல்போனை எடுத்தாள். நாலாவது பெயரைத் தொட்டாள். மெதுவாகப் படித்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"இவ்வளவு பக்கத்துல உக்காந்திருக்கேன். இதை வாயால சொல்றதுக்கென்ன?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாயைத் திறந்தால் மறுபடி அழுதுவிடுவேன்.

"சரி விடு," என்றாள் அக்கா. "சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது."

அவள்தான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன், தையல் வலிக்க வலிக்க.